34,000 கிலோமீட்டர்தானே ஓடியிருக்கிறது, பிளக் மாற்ற வேண்டுமா?

கேட்டவர் சென்னையில் இருக்கிறார், வீடு தேவகோட்டையில். 2016இல் வாங்கிய பெட்ரோல் கார் ஊரிலேயே நிற்கிறது. பொங்கல், கல்யாணம், முன்னோர்க்குப் படைப்பு என்று வரும்போதுதான் அதற்கு ஓட்டம். மொத்தம் 34,000 கிலோமீட்டர். இந்தத் தடவை சர்வீஸுக்கு விட்டபோது நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய அம்மானோ, "ஓடுற வண்டியில எதுக்குக் கை வைக்கிறே? பிளக்கெல்லாம் லட்சம் கிலோமீட்டர் வரும்" என்கிறாராம். யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

காரைக்குடியில் 26 வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வி மாதத்துக்கு நாலு தடவையாவது வரும். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், இரண்டும் தப்பாகவும் இருக்கலாம். ஏனென்றால் உள்ளே என்ன பிளக் இருக்கிறது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

உங்கள் வண்டிக்குச் சுருக்கமாகச் சொன்னால்: உள்ளே இருப்பது சாதாரண நிக்கல் பிளக் என்றால் இப்போதே மாற்றிவிடுங்கள். இரிடியம் என்றால் மாற்ற வேண்டாம், ஆனால் ஒருமுறை கழற்றிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். 34,000 என்ற எண் சின்னதுதான். அந்த 34,000 எப்படி ஓடியது என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

முதலில் பிளக் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். நடுவில் ஒரு முனை, பக்கத்திலிருந்து வளைந்து வரும் இன்னொரு முனை. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி, அதைத்தான் கேப் என்கிறோம். பேட்டரி மின்சாரத்தின் வோல்ட்டைப் பெருக்கித் தரும் சுருளுக்குக் காயில் என்று பெயர். அந்தக் காயில் கொடுக்கும் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் அந்த இடைவெளியைத் தாண்டும்போது பொறி வருகிறது. ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து துளி உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். நாலாவது கியரில் 60 வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி, ஆக நிமிஷத்துக்கு ஆயிரம். அந்த ஒரு நிமிஷத்தில் வண்டி போவது ஒரு கிலோமீட்டர். 40,000 கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு பிளக்கும் நாலு கோடித் தடவை பொறி விட்டிருக்கும். தேயாமல் என்ன செய்யும்?

தேயத் தேய இடைவெளி கூடும். அது கூடினால் தாண்டுவதற்கு அதிக வோல்ட் வேண்டும். காயில் அதையும் கொடுத்துப் பார்க்கும், முடிந்தவரை. அதனால்தான் தேய்ந்த பிளக்கோடு வண்டி ரொம்ப நாள் ஓடும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது, காயிலுக்குத்தான் தெரியும். அம்மான் சொல்லும் "ஓடுற வண்டி" இந்த நிலையில்கூட இருக்கலாம்.

இனி பிளக் வகை. சாதாரண பிளக்கில் முனை நிக்கல் கலவை, உள்ளே சூட்டைக் கடத்துவதற்குச் செம்பு. கடையில் காப்பர் பிளக் என்பதும் நிக்கல் பிளக் என்பதும் இதுதான். நடுமுனை 2.5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். இதற்கு 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் என்று நம் ஊர்ச் சின்ன பெட்ரோல் கார்களின் மேனுவலில் போட்டிருப்பார்கள். அதற்கு மேல் தள்ளாதீர்கள். அடுத்தது பிளாட்டினம், 80,000 வரை தாராளமாக வரும். அப்புறம் இரிடியம். இதன் நடுமுனை குண்டூசி போல 0.6 மில்லிமீட்டர்தான், சிலவற்றில் 0.4. லட்சம் கிலோமீட்டர் கணக்கு இதற்குத்தான்.

மெல்லிய முனை எதற்கு என்று கேட்பார்கள். கோபுரக் கலசத்தில் இடி இறங்குகிற மாதிரிதான், கூர்மையான இடத்திலிருந்து மின்சாரம் லேசாகத் தாவும். காயிலுக்குப் பாரம் குறைவு. அப்படியானால் நிக்கலையே கூராகச் செய்துவிடலாமே என்றால், அந்தச் சூட்டில் சீக்கிரமே கரைந்து மொட்டையாகிவிடும். நிக்கல் 1,455 டிகிரியில் உருகுகிறது, பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,446. அதனால்தான் விலையும் அப்படி. நிக்கல் ஒன்று 150, 200 ரூபாய்க்குள் கிடைக்கும். இரிடியம் வண்டியைப் பொறுத்து 600லிருந்து 1,000க்கு மேலும் போகும்.

உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க மேனுவலைப் பாருங்கள். பராமரிப்பு அட்டவணையில் பிளக் எண்ணும் மாற்ற வேண்டிய கிலோமீட்டரும் இருக்கும். ஆனால் மேனுவலில் இருப்பது கம்பெனி போட்டது. இடையில் யாராவது மாற்றியிருந்தால் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் மேனுவலை நம்பவே வேண்டாம், கழற்றிப் பீங்கானில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். இரிடியம் வண்டியில் நிக்கல் பிளக்கைப் போட்டாலும் வண்டி ஓடும், அதில்தான் சிக்கல். லட்சம் கிலோமீட்டர் வரும் என்று உரிமையாளர் நிம்மதியாக இருப்பார், பிளக் 40,000இலேயே முடிந்திருக்கும்.

அந்த எண்ணில் ஒரு முழு ஜாதகமே இருக்கிறது. என்ஜிகே பிளக் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: பிகேஆர்6ஈ-11. முதல் இரண்டு எழுத்து 14 மில்லிமீட்டர் மரையையும் 16 மில்லிமீட்டர் ஸ்பேனர் அளவையும் சொல்கிறது. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. 6 என்பது சூட்டு எண். ஈ என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீட்டர். கடைசியில் வரும் 11, கேப் 1.1 மில்லிமீட்டர். இதில் ஒன்று மாறினாலும் அது வேறு பிளக். ரெசிஸ்டர் இல்லாததைப் போட்டால் ரேடியோ கரகரப்பதோடு போகாது, எஞ்சின் கம்ப்யூட்டரும் குழம்பும். மரை நீளம் கூடிய பிளக்கைப் போட்டால் பிஸ்டனிலேயே இடிக்கலாம். பார்ப்பதற்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அதனால்தான் சொல்கிறேன்.

சூட்டு எண்ணில் ஒரு கூத்து உண்டு. என்ஜிகேயிலும் டென்ஸோவிலும் எண் கூடினால் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டை வேகமாக ஹெட்டுக்கு, பிளக் பூட்டியிருக்கும் எஞ்சின் தலைப்பகுதிக்கு, கடத்திவிடுவது. பாஷில் தலைகீழ், எண் கூடினால் சூடான பிளக். ஒரு பிராண்டின் எண்ணை வைத்து இன்னொன்றை வாங்கப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். கடையில் பட்டியல் வைத்திருப்பார்கள், வண்டி மாடலைச் சொல்லி அதைப் பார்த்தே வாங்குங்கள்.

இப்போது நான் சந்தேகப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்துக் கார்களுக்கு இதுதான் முக்கியம்.

பிளக் முனை ஏறக்குறைய 450, 500 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அதில் படியும் கரியை அதுவே எரித்துக்கொள்ளும். 850ஐத் தாண்டி ரொம்பப் போனால் பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றும், அது வேறு ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விடும். பிளக்கோ இன்னும் சூடாகவில்லை. அந்த நேரத்தில் கரி படிவது இயற்கை. அப்புறம் இருபது நிமிஷம் ரோட்டில் ஓடினால் எரிந்து சுத்தமாகிவிடும். ஓடாவிட்டால்?

கானாடுகாத்தானில் ஒரு வீடு. பெரியவரும் ஆச்சியும் வருஷத்துக்கு இரண்டு தடவை மலேசியாவிலிருந்து வருவார்கள். முகப்பை ஒட்டிய ஷெட்டில் கார் நிற்கும், 9 வருஷத்தில் 19,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. ஒரு தை மாதம், வந்த மறுநாள் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கூப்பிட்டார்கள். பேட்டரி புதுசு, ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, பெட்ரோல் வாடையும் வருகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. முதல் பிளக்கைக் கழற்றினேன். அடுப்புக்குள்ளிருந்து எடுத்தது போல இருந்தது. விரலால் தொட்டால் கரி அப்படியே ஒட்டுகிறது, நுனியில் பெட்ரோல் ஈரம். மற்ற மூன்றும் அதே கதை. கேப் அளந்து பார்த்தால் 1.1, வாங்கிய அன்று இருந்தபடி. தேய்மானமே இல்லை!

வாட்ச்மேனைக் கேட்டேன். பெருமையாகச் சொன்னார்: "தினமும் காலையில ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணிருவேண்ணே. ஐயா சொல்லிட்டுப் போனாங்க, ஒரு நாள்கூட விட்டதில்லை."

பேட்டரிக்காகச் சொன்ன யோசனை அது. ஐந்து நிமிஷ ஐடிலிங்கில், ஸ்டார்ட்டர் இழுத்த மின்சாரம்கூடத் திரும்பப் பேட்டரியில் ஏறியிருக்குமா என்பது சந்தேகம். பிளக்குக்கோ வருஷம் முழுவதும் கரி அபிஷேகம்! மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாமல் நாலு பிளக்கும் செத்துப்போனது இப்படித்தான். கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறி இடைவெளியைத் தாண்டுவதற்குப் பதிலாகக் கரி வழியே பீங்கானில் வழிந்து பிளக்கின் உலோக உடம்புக்கு இறங்கிவிடுகிறது. புது பிளக் நாலு போட்டதும் முதல் சாவியிலேயே பிடித்தது. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வந்தேன்: தினமும் வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஓட்டத் தெரிந்தவர் திருமயம் வரைக்கும் போய்த் திரும்பட்டும், ஏ.சி. போட்டு, ரோட்டுக்கேற்ற வேகத்தில். அதற்கு ஆள் இல்லையென்றால் ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம், பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டால் போதும்.

தேவகோட்டையில் உங்கள் வண்டியை யார் பார்த்துக்கொள்கிறார்கள், எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் போய் வருகிற வண்டியும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

நின்ற வண்டிக்கு இன்னொரு ஆபத்து மரை பிடித்துக்கொள்வது. பிளக்கின் உடம்பு எஃகு, ஹெட் அலுமினியம். இரண்டு வேறு உலோகம் ஒட்டி நின்று ஈரமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைக் காரைக்குடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953லிருந்து ஊருக்குள்ளேயே இருக்கிறது, துருப் பிடிப்பதை ஆராய்வதே அவர்கள் வேலைகளில் ஒன்று. 12 வருஷம் தொடாத பிளக்கைக் கழற்றும்போது கிரீச் என்று ஒரு சத்தம் வரும், அதோடு என் வயிற்றிலும் ஏதோ செய்யும். அதனால் கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்துப் பூட்டிவிடுங்கள் என்று சொல்வேன். மேனுவலில் இருக்காது, என் அனுபவம்.

சரி, கழற்றிப் பார்ப்பது எப்படி? கையில் வேலைத்தனம் இருந்தால் நீங்களே செய்யலாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், அதுவும் கை வைத்தால் சுடாத அளவுக்கு நன்றாக. சூட்டில் அலுமினிய மரை இளக்கமாக இருக்கும், அப்போது திருகினால் பிளக்கோடு மரையும் வந்துவிடும். மேலே பிளாஸ்டிக் மூடி இருந்தால் எடுத்துவிடுங்கள். இப்போதைய வண்டிகளில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும் ஒரே ஒரு 10 நம்பர் போல்ட். கனெக்டரின் பூட்டை அழுத்தி உருவுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். காயிலை லேசாக இடமும் வலமும் திருப்பி மேலே தூக்கினால் வந்துவிடும்.

இப்போது குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர் செம்மண் தூசி அடியில் மெத்தை மாதிரி கிடக்கும். அதை விட்டுவிட்டுப் பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகுதான் ஸ்பேனர். குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் பதறாதீர்கள், பெரும்பாலும் வால்வ் மூடியின் ரப்பர் சீல் போயிருக்கும். பிளக்கோடு அந்த சீலையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் காயிலின் ரப்பரும் ஊறிக் கெட்டுவிடும். தண்ணீர் தேங்கியிருந்தால், எஞ்சின் வாஷ் என்று சொல்லி யாரோ பம்பு வைத்து அடித்திருக்கிறார்கள்.

கழற்றிய பிளக்குகளை ஒரு பழைய செய்தித்தாளில் 1, 2, 3, 4 என்று எழுதி வரிசையாக வையுங்கள். எந்த சிலிண்டரில் எது இருந்தது என்பது முக்கியம். நாலும் ஒரே மாதிரி இருந்தால் அது எஞ்சினின் பொதுக் குணம். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்த சிலிண்டரில் ஏதோ கோளாறு.

வறுத்த மல்லி நிறத்தில் முனை இருந்தால் எஞ்சின் ஆரோக்கியம். காய்ந்த கரி, துடைத்தால் வருகிறது என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது வண்டி சின்னச் சின்ன ஓட்டம், கானாடுகாத்தான் கேஸ். கறுப்பாகப் பளபளத்துப் பிசுக்காக இருந்தால் எஞ்சின் ஆயில் மேலே ஏறுகிறது, பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ பார்க்க வேண்டும், பிளக்கை மாற்றி அது தீராது. நம் பழைய வீட்டுச் சுவர்ப் பூச்சு மாதிரி வெள்ளை வெளேர் என்று வழவழத்தால் அதிகச் சூடு. காற்று எங்கோ ஒழுகுகிறது, அல்லது பிளக்கின் சூட்டு எண் தப்பு. செங்காவி நிறம் சில பெட்ரோல் சேர்மானங்களால் வரும். நிறத்தைவிட முனையின் வடிவத்தை நன்றாகப் பாருங்கள். புது நிக்கல் பிளக்கின் நடுமுனை வெட்டி வைத்தது போல ஓரம் கூராக இருக்கும். ஓடிய பிளக்கில் அது தேய்ந்த சோப்பு மாதிரி உருண்டு போயிருந்தால், கேப் அளக்காமலே சொல்லிவிடலாம், மாற்று என்று.

பீங்கானின் வெளிப்பக்கம், உலோகம் தொடங்கும் இடத்துக்கு மேலே பழுப்பாக ஒரு வளையம் இருக்கும். அதைக் காட்டி "இங்கே கேஸ் லீக் ஆகுது" என்று சொல்லி நல்ல பிளக்கை மாற்றுபவர்கள் உண்டு. லீக் இல்லை. உயர் மின்னழுத்தம் பக்கத்துக் காற்றில் இருக்கும் எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைக்கிற கறை அது, கெடுதல் செய்யாது. பீங்கானில் மேலிருந்து கீழாக பென்சிலால் கோடு போட்டது போலக் கறுப்புக் கீறல் இருந்தால்தான் ஆபத்து. பொறி உள்ளே போகாமல் வெளியே ஓடுகிறது என்று அர்த்தம், காயிலின் ரப்பரும் வெடித்திருக்கும். இரண்டையும் மாற்றுங்கள்.

கழுவித் துடைத்துத் திரும்பப் போடலாமா என்பது அடுத்த கேள்வி. அம்பாசடர் காலத்தில் போட்டோம். அப்போது கேப் 25 தவ்தான், அதாவது 0.025 அங்குலம், 0.6 மில்லிமீட்டர் சொச்சம். பாயின்ட் வைத்த பழைய இக்னிஷன் அவ்வளவுதான் தாண்டும். வீட்டுக்கு வீடு அம்பாசடரும் ஃபியட்டும் நின்ற ஊர் இது. டிரைவர் அண்ணன்மார் டிக்கியில் உப்புத்தாளும் பிளக் ஸ்பேனரும் வைத்திருப்பார்கள், மதுரை போய் வந்தால் ஒரு தடவை தேய்த்துப் போடுவார்கள். நானும் அப்படித்தான் தொழில் கற்றேன். அந்தப் பழக்கத்தில் ஒருநாள் இரிடியம் பிளக் ஒன்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அந்தக் குண்டூசி முனையை ஒடித்து, வாடிக்கையாளருக்கு என் காசில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரிடியம், பிளாட்டினத்தில் பிரஷ்ஷும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். நிக்கல் பிளக் கரி பிடித்து நடுவழியில் நின்றுவிட்டால் துடைத்துப் போட்டு வீடு வந்து சேரலாம், வந்ததும் புதுசு.

புது பிளக்கைப் பூட்டும்போதுதான் அதிகம் தப்பு நடக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்ததும் கேப்பைப் பாருங்கள், கீழே விழுந்த பிளக்கில் கேப் ஒட்டிப்போயிருக்கும். சரி செய்ய வேண்டியிருந்தால் பக்க முனையை மட்டும் வளைக்க வேண்டும், நடுமுனையைத் தொடவே கூடாது. பிறகு பழைய பெட்ரோல் ஹோஸ் ஒரு சாண் வெட்டிப் பிளக்கின் பீங்கான் தலையில் மாட்டி, அதைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் விட்டுக் கையால் சுற்றுங்கள். மரை நேராக ஏறினால் வழுக்கிக்கொண்டு போகும். குறுக்கே ஏறினால் ஹோஸ்தான் வழுக்கும், மரை பிழைக்கும். ஸ்பேனரை எடுத்தவுடன் போட்டுத் திருகினால் குறுக்கே ஏறுவதும் தெரியாது, ஹெட் மரை போனதும் தெரியாது. ஒரு வண்டி வேறெங்கோ அப்படிச் செய்துகொண்டு என்னிடம் வந்தது. ஹெட்டைக் கழற்றி மரைக்குப் புது உறை போட வேண்டியதாயிற்று. பிளக் விலையைப் போலப் பல மடங்கு செலவு.

கையால் முழுவதும் இறங்கிய பிறகு, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இருந்தால், 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12க்கு 15 முதல் 20. இல்லாவிட்டால், வாஷர் உள்ள புது பிளக்கைக் கையிறுக்கத்துக்கு மேல் அரைச் சுற்று, கூடினால் முக்கால் சுற்றுக்கும் கொஞ்சம் குறைவு. ஏற்கெனவே பூட்டிக் கழற்றிய பிளக்கின் வாஷர் நசுங்கியிருக்கும், அதற்குக் கடிகார முள் ஐந்து நிமிஷம் நகரும் அளவு போதும். மரையில் கிரீஸ் தடவலாமா என்று கேட்பார்கள். இப்போதைய பிளக்குகளில் மரைக்கு முலாம் இருக்கிறது. கிரீஸ் தடவினால் வழுக்கி, அளவுக்கு மேல் இறுகிவிடும். வேண்டாம்.

எப்போதும் மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். 2003லிருந்து 2008 வரை வந்த ஹோண்டா சிட்டியின் ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக எட்டு. முன்பக்கம் தெரிகிற நாலை மட்டும் மாற்றிவிட்டு, பின்னால் இருப்பதைப் பார்க்காமலே விட்ட வண்டிகளை நான் கண்டிருக்கிறேன்.

ஓட்டும்போது தெரிகிற அறிகுறி என்ன என்றால், முதலில் தெரிவது பாரம் இழுக்கும்போதுதான். மேம்பாலம் ஏறும்போது கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். வண்டி லேசாக உதறினால், மெக்கானிக் பாஷையில் மிஸ்ஸிங் அடித்தால், பிளக்கைச் சந்தேகப்படலாம். பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அழுத்தத்தில் பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும், தேய்ந்த பிளக் அங்கேதான் மாட்டும். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுப்பது, ஏ.சி. போட்டால் நின்ற இடத்தில் நடுங்குவது எல்லாம் பிறகு வரும். ஆனால் இதே அறிகுறிகள் காயிலாலும் வரும், இன்ஜெக்டராலும் வரும், அழுக்கேறிய திராட்டில் பாடியாலும் வரும். ஸ்கேனரில் பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று மட்டும்தான் அர்த்தம். அதன் காயிலை எடுத்து மூன்றாவதில் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோளாறு பி0303க்குப் போனால் காயில், இரண்டிலேயே நின்றால் பிளக்கோ வேறோ. பைசா செலவில்லாத சோதனை. எஞ்சின் லைட் விட்டு விட்டு எரிந்தால் மட்டும் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், வண்டியை ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உருக்கிக்கொண்டிருக்கும்.

சிஎன்ஜி வண்டிக்கு மேனுவலில் போட்டிருக்கும் தனிக் கணக்கைப் பாருங்கள். கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்ட் வேண்டும், அதனால் பிளக் சீக்கிரம் போகும். டர்போ பெட்ரோலுக்கும் கெடு கொஞ்சம் குறைவு, கேப்பும் 0.7, 0.8 என்று சின்னதாக இருக்கும். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அங்கே இருப்பது ஹீட்டர் பிளக், அது வேறு கதை.

மைலேஜ் கூடுமா என்றால், தேய்ந்து மிஸ் ஆகிற பிளக்கை மாற்றினால் இழந்தது திரும்பும். நல்ல பிளக்கை மாற்றினால் ஒன்றும் கூடாது, இரிடியமே போட்டாலும். ஆனால் உங்கள் வண்டியில் நிக்கல் இருந்து, நீங்கள் வருஷத்துக்கு நாலு தடவைதான் ஊருக்கு வருவீர்கள் என்றால், அதே சூட்டு எண்ணில் இரிடியம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். மெல்லிய முனையில் குளிர்ந்த எஞ்சின் சுலபமாகப் பிடிக்கும். உங்களுக்கு அதுதான் வேண்டியது. வாங்கும்போது போலி ஜாக்கிரதை. பீங்கானில் அச்சு மங்கலாக இருந்தாலோ, நடுமுனை ஒருபக்கம் ஒதுங்கியிருந்தாலோ, மரையில் விரல் வைத்தால் சொரசொரத்தாலோ, விலை பாதிக்குப் பாதி என்றாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காயிலைக் கழற்றும்போது வயரையும் ஒரு பார்வை பாருங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டு ஷெட்டில் எஞ்சினுக்கு மேல்தான் எலிக்குக் கதகதப்பான இடம். போன ஐப்பசியில் பள்ளத்தூரிலிருந்து வந்த வண்டி ஒன்றில் நாலு பிளக்கும் வறுத்த மல்லி நிறத்தில் அருமையாக இருந்தன. மூன்றாவது காயிலின் வயரைத்தான் காணோம்.